திடீர் கணைய அழற்சி வலியை மருத்துவமனையில் எப்படிக் குறைக்கிறார்கள்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் செரிமானச் சுரப்பி. குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய அதன் நீர், பித்தக்கல்லாலோ குடியாலோ உள்ளேயே கிளர்ந்து கணையத்தையே அரிப்பதுதான் இந்த நோய். எங்கள் கிருஷ்ணகிரித் தோப்புகளில் பார்த்திருப்பீர்கள்: காம்பொடிந்து வடியும் பால் அந்த மாங்காயின் தோலையே கருக்கிவிடும். அதே கதைதான். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாயும்; மல்லாந்து படுக்க முடியாமல் குனிந்தே உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் சலைன் ஏற்றுவார்கள். பாராசிட்டமால் போதாவிட்டால் ஃபென்டனில், மார்ஃபின் போன்ற வலுவான வலி ஊசி. மார்ஃபின் பித்தக்குழாய் வாயை இறுக்கும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அதனால் நோய் முற்றியதாக நிரூபணம் இல்லை. வாந்தி நின்று பசித்தால் சீக்கிரமே கஞ்சி கொடுக்கலாம் (களிக்கு அவசரமில்லை).

'வலி ஊசி போட்டால் நோய் தெரியாமல் போய்விடும்' என்று தடுக்கும் உறவினர்கள் உண்டு. ரத்தத்தில் ஏறிய லைப்பேஸ் என்ற கணைய நொதியையோ ஸ்கேனில் தெரியும் வீக்கத்தையோ அந்த ஊசி மறைக்காது.