முதல் உலகப் போர்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

1914 போரைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு இளவரசரைச் சுட்டதற்கு உலகமே ஏன் அடித்துக்கொண்டது? பள்ளிக்கூடத்தில் 'கூட்டணிகளே காரணம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பதில்: அந்த வரி பாதிதான் சரி. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டான். பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாள் இருக்கிறது, அந்த 37 நாளில் யார் யாருக்கு என்ன கடமை இருந்தது என்று ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882-ல் போட்டது தற்காப்பு ஒப்பந்தம், அதாவது யாராவது வந்து தாக்கினால் உதவ வேண்டும். இங்கே கொலைக்குச் செர்பியாதான் காரணம் என்று சொல்லி அதன் மீது போர் அறிவித்ததே ஆஸ்திரியாதான், அதனால் ஜெர்மனி ஒதுங்கியிருக்கலாம். ஆனால் ஜூலை 5-லேயே ஜெர்மன் மன்னர் கெய்சர் ஆஸ்திரியாவுக்கு 'நீ என்ன செய்தாலும் நான் பின்னால் நிற்கிறேன்' என்கிற மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டார். ரஷ்யாவுக்கும் செர்பியாவுக்காகப் போரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. பிரிட்டனும் பிரான்சும் 1904-ல் பேசித் தீர்த்தது எகிப்து, மொராக்கோ மாதிரி காலனித் தகராறுகளை. போர் வந்தால் கூட வருவேன் என்று அதில் ஒரு வரி கிடையாது. உண்மையிலேயே கையைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம் என்றால் பிரான்சும் ரஷ்யாவும் 1894-ல் செய்துகொண்டதைத்தான் சொல்வேன். மற்றவர்கள் எல்லாம் வேண்டும் என்று முடிவெடுத்து உள்ளே போனவர்கள்.

கேள்வி: அப்படியென்றால் இத்தாலி கட்சி மாறியதைத் துரோகம் என்று சொல்லக் கூடாதா?

பதில்: 1914-ல் ஒதுங்கி நின்றது துரோகம் இல்லை, ஒப்பந்தப்படியே சரி. 1915 ஏப்ரலில் லண்டனில் ரகசியமாக உட்கார்ந்து, ஆஸ்திரியா வசம் இருந்த டிரென்டினோ, டிரியெஸ்தே எல்லாம் எங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த மாதமே பழைய கூட்டாளி மேல் பாய்ந்ததை என்னவென்று சொல்வது, தொகுதிப் பங்கீடுதான்! ருமேனியாவும் இதே கதை, 1883-லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இருந்துவிட்டு 1916-ல் பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் வந்தது.

கேள்வி: ஜெர்மனி, பிரிட்டன், ரஷ்யா மூன்று நாட்டு மன்னர்களும் சொந்தக்காரர்கள் என்கிறார்களே?

பதில்: ஆமாம், ஆங்கிலத்தில் எல்லோரையும் 'கசின்' என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுவதால் முறை புரியாமல் போகிறது. தமிழில் சொன்னால் தெளிவு. பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஜெர்மன் கெய்சர் வில்ஹெல்ம் அத்தை மகன். ரஷ்யாவின் ஜார் நிக்கலாஸ், ஜார்ஜுக்குச் சித்தி மகன். இரண்டு பேரின் அம்மாக்களும் டென்மார்க் அரச வீட்டு அக்கா தங்கை. ஜாரின் மனைவி கெய்சருக்குச் சித்தி மகள், தங்கை முறை. ஆக கெய்சருக்கு ஜார் வீட்டு மாப்பிள்ளை!

ஜூலைக் கடைசியில் கெய்சரும் ஜாரும் 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்துப் போட்டுத் தந்தி மேல் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். கெய்சரின் தந்தியைப் பார்த்து ஜார் 29-ஆம் தேதி இரவு முழுப் படைதிரட்டலை நிறுத்தினார், மறுநாளே தளபதிகள், மந்திரிகள் நெருக்கியதில் மறுபடி உத்தரவு போட்டார். கெய்சருக்கும் அதே கதிதான். ஆகஸ்ட் 1-ல் பிரான்சை விட்டுவிட்டுப் படையை ரஷ்யா பக்கம் மட்டும் திருப்ப முடியுமா என்று கேட்டார், தலைமைத் தளபதி மோல்ட்கே முடியாது என்றார். பிரான்சை ஆறு வாரத்தில் முடித்துவிட்டு ரஷ்யாவைப் பார்ப்பது என்ற திட்டத்துக்காக ரயில்களின் நேர அட்டவணை முன்பே போட்டாகிவிட்டது. என்னைக் கேட்டால், சொந்தபந்தத்தைவிடவும் கூட்டணிக் காகிதத்தைவிடவும் அந்த அட்டவணைக்குத்தான் பலம் அதிகம்.

கேள்வி: சென்னையில் குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தாராமே?

பதில்: வருடா வருடம் செப்டம்பரில் இந்தக் கதை சுற்றுக்கு வரும். எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடலுக்கு வந்து சுமார் 130 குண்டுகளை வீசி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது உண்மை. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் கல்வெட்டே இருக்கிறது, 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றைக்கும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கப்பல் கிளம்பியது சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில், பசிபிக் தீவுகள் வழியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில். நடுவில் சூயஸ் பிரிட்டன் கையில். எங்கே, எப்படி ஏறியிருப்பார்? அவருடைய உண்மையான அரசியல் வேலையே பேசத் தகுந்தது, இந்தக் கதையை வேறு ஒட்ட வேண்டியதில்லை.

கேள்வி: பதுங்குகுழிக்குள்ளேயே நான்கு வருடம் ஏன் உட்கார்ந்திருந்தார்கள்? ஒரே அடியாக உடைத்துக்கொண்டு போக முடியாதா?

பதில்: உடைத்தார்கள், உடைத்தபின் தொடர முடியவில்லை. தாக்குகிறவன் சேற்றில் நடந்து முன்னேற வேண்டும், தடுக்கிறவனுக்குப் பின்னாலிருந்து ரயிலில் ஆள் வந்து இறங்குகிறது, ஓட்டை விழுந்த இடம் அடைபட்டுவிடும். ரேடியோ கையில் தூக்கிப் போகிற அளவில் இல்லை, தொலைபேசிக் கம்பி முதல் குண்டிலேயே அறுந்துவிடும், முன்னால் என்ன நடக்கிறது என்று தளபதிக்குத் தெரியவே தெரியாது. பிரான்சில் நடந்த சோம் போரில் ஒரு வாரம் பதினைந்து லட்சத்துக்கு மேல் குண்டு வீசிவிட்டு, முள்கம்பி எல்லாம் அறுந்திருக்கும் என்று நம்பி 1916 ஜூலை 1 காலையில் பிரிட்டிஷ் சிப்பாய்களை அனுப்பினார்கள். பல இடத்தில் அறுந்திருக்கவில்லை. அன்று ஒரே நாளில் 19,240 பேர் செத்தார்கள், காயம்பட்டவர்களையும் சேர்த்தால் 57,470.

கேள்வி: இந்தியா எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது?

பதில்: எதிலும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிரிட்டன் இறங்கியது, நாமும் போரில் இருந்தோம், அவ்வளவுதான். பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் கடல் கடந்து போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், கூட் நகரத்தில் இருந்தவர்களைத் துருக்கிப் படை 147 நாள் முற்றுகையிட்டது. சாப்பாடு தீர்ந்து குதிரைகளை வெட்டினார்கள், அந்த இறைச்சியைப் பல சிப்பாய்கள் தொட மறுத்துப் பட்டினி கிடந்தார்கள். 1916 ஏப்ரல் 29-ல் சரணடைந்தபின் சிறைப்பட்டவர்கள் பட்டது அதைவிட மோசம்.

கேள்வி: அமெரிக்கா நேச நாடுதானே?

பதில்: பேச்சுக்கு அப்படிச் சொல்கிறோம். 1917 ஏப்ரல் 6-ல் சேர்ந்தபோதும் அமெரிக்க அதிபர் வில்சன் கூட்டணியில் கையெழுத்துப் போடவில்லை, 'உடன் நிற்கும் நாடு' என்ற பெயரிலேயே கடைசிவரை இருந்தார்.

கேள்வி: ஜெர்மன் படை கடைசியிலும் பிரான்ஸ் மண்ணில் நின்றது, பிறகு எப்படித் தோற்றது?

பதில்: 1918 ஆகஸ்டிலிருந்து மேற்குப் போர்முனையில் பின்வாங்கிக்கொண்டேதான் இருந்தது. அதற்குள் கூட்டாளிகள் வரிசையாகக் கழன்றார்கள்: செப்டம்பர் 29-ல் பல்கேரியா, அக்டோபர் 30-ல் துருக்கி, நவம்பர் 3-ல் ஆஸ்திரியா. பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனியில் சாப்பாடு இல்லை, கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம். நவம்பர் 11 காலை 11 மணிக்குத் துப்பாக்கி ஓய்ந்தது.

கேள்வி: எல்லா இடத்திலும் அன்றே நின்றுவிட்டதா?

பதில்: இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதிக்குச் செய்தி போய்ச் சேரவே இரண்டு மூன்று நாள் ஆயிற்று. அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தது நவம்பர் 25, இன்றைய சாம்பியாவில்.