ஐப்பசியில ஆர்க்கிட் தொட்டியை வீட்டுக்குள்ள எடுக்கணுமா?

கேள்வி: மொட்டைமாடியில டெண்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வாண்டான்னு மூணு வகை ஆர்க்கிட் வச்சிருக்கேன், மேல ஷேட் நெட் கட்டியிருக்கு. ஐப்பசி பிறந்ததுல இருந்து ராத்திரி சில்லுன்னு ஆயிடுது. அமெரிக்காவுல இருக்க என் தங்கச்சி, குளிர் தொடங்குனா ஆர்க்கிடை உள்ள எடுத்துரணும்னு சொல்றா. போன வருஷம் இதே சமயத்துல ஃபெலனாப்சிஸ் குருத்து அழுகிப் போச்சு, குளிராலதான்னு நினைக்கேன். என்ன செய்யட்டும்?
- வாசகி, தக்கலை

பதில்: உள்ள எடுக்க வேண்டாம்மா. தங்கச்சி சொல்றது அவங்க ஊருக்கு ரொம்ப சரி, அங்க ராத்திரி 13 டிகிரி பக்கம் இறங்கும்போதே செடி உள்ள போயிரணும். நம்ம பக்கம் மார்கழி ராத்திரியில கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும், ஃபெலனாப்சிஸ் சிரமப்படறது 15, 16க்கு கீழ போனாதான். சொல்லப்போனா 25 டிகிரிக்கு கீழ சில வாரம் கிடைச்சாதான் அது பூந்தண்டே விடும், அதனால இந்த சில்லுனு இருக்க ராத்திரிய அதுக்கு குடுங்க, ஹாலுக்குள்ள கொண்டு வச்சா வெளிச்சமும் போச்சு, இருக்க மொட்டும் உதிர்ந்துரும்.

உங்க செடியை அழுக வச்சது மழைத்தண்ணிதான். நமக்கு ஆடி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, ஆனா ஐப்பசி மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோட வந்து கொட்டிட்டு போகும், அதுக்கப்புறம் வெயில் கிடையாது, ஃபெலனாப்சிஸ் இலை நடுவுல குழிஞ்சு இருக்குல்ல அந்த குருத்துல தேங்குன தண்ணி விடிய விடிய அப்படியே நிக்கும். முதல்ல இலை அடியில எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி ஒரு ஈரத்திட்டு தெரியும், தொட்டா கொழகொழன்னு இருக்கும், லேசா நாத்தம் வரும், ரெண்டு மூணு நாள்ல நடு இலை கையோட வந்துரும். ஷேட் நெட் வெயிலைத்தான் தடுக்கும், மழையை தடுக்காது, இதை நிறைய பேரு கவனிக்கறதே இல்ல. அதனால நெட்டுக்கு மேல சரிவா ஒரு யூவி ஷீட் போடுங்க, பக்கவாட்டுல மூட வேண்டாம், காத்து ஓடணும். முடியலைன்னா ஃபெலனாப்சிஸை மட்டுமாவது சன்ஷேடுக்கு அடியில, தொட்டியை கொஞ்சம் சாய்ச்சு வைங்க. குருத்துல தண்ணி கண்டா அன்னிக்கே டிஷ்யூ பேப்பர் சுருட்டி ஒத்தி எடுத்துருங்க.

தண்ணி காலையில மட்டும்தான். வாண்டா வேரு வெளுத்து சாம்பல் நிறத்துல இருந்தா ஊத்துங்க, பச்சையா இருந்தா அன்னிக்கு விட்டுருங்க. நம்ம ஊர்ல கதம்பை (தேங்காய் மட்டை) சும்மா கிடைக்குதுன்னு எல்லாரும் அதையே தொட்டி நிறைய திணிக்கறாங்க, வெயில் காலத்துக்கு நல்லதுதான், ஆனா இந்த ரெண்டு மாச மழையில அது நனைஞ்சா காயவே காயாது. அடுத்த தடவை தொட்டி மாத்தும்போது சிரட்டைக்கரியும் ஓட்டுச்சில்லும் கூட்டி கதம்பையை குறைச்சிருங்க. உரமும் இப்போ பாதி போதும்.

இன்னொன்னு, தொங்கவிட்ட தொட்டி எல்லாம் புயல் எச்சரிக்கை வந்தா உடனே கீழ இறக்கிருங்க. 2017 நவம்பர் 30 அன்னிக்கு ஒக்கி புயல் நம்ம குமரி மாவட்டத்துல எத்தனை மரத்தை சாய்ச்சுதுன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: என் டெண்ட்ரோபியம் தண்டுல குட்டிச்செடி முளைச்சிருக்கு. குன்னூர்ல இருக்க மகளுக்கு குடுத்து விடலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: குட்டிக்கு வேரு ரெண்டு மூணு இஞ்ச் வந்திருந்தா பிரிக்கலாம், ஆனா இப்போ அனுப்பாதீங்க. குன்னூர்ல டிசம்பர், ஜனவரி ராத்திரி 10 டிகிரிக்கு கீழயும் போகும், நம்ம பக்கம் விக்கிற டெண்ட்ரோபியம் அதை தாங்காது, வெளிய வச்சா இலை மஞ்சளாகி கொட்டிரும். பங்குனி வாக்குல குடுங்க, அடுத்த குளிருக்கு ஜன்னல் ஓரம் உள்ள வச்சுக்க சொல்லுங்க. வெளியிலயேதான் வைக்கணும்னா மகள் சிம்பிடியம்ங்கற ஆர்க்கிட் வகையை வாங்கட்டும், அதுக்கு அந்த ஊரு குளிரு இருந்தாதான் பூவே வரும்.