காது கேட்கும் கருவியின் பொத்தான் பேட்டரியை, ஸ்டிக்கர் உரித்தவுடன் ஏன் போடக்கூடாது?

இது துத்தநாகம்-காற்று வகைப் பேட்டரி. உள்ளே துத்தநாகத் தூள் இருக்கும். அது வினைபுரியத் தேவையான ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்துதான் வரவேண்டும். ஸ்டிக்கர் மூடியிருப்பது அந்தக் காற்று நுழையும் ஊசித்துளைகளை. கரி இஸ்திரிப் பெட்டியில் காற்று பட்டால்தானே கனல் பிடிக்கும், அதே கதைதான். உரித்த கையோடு கருவிக்குள் அடைத்தால் மின்னழுத்தம் சுமார் 1.4 வோல்ட்டுக்கு ஏற நேரமில்லாமல், கருவி சீக்கிரமே 'பேட்டரி தீர்ந்தது' என்று பீப் அடிக்கும். துளைப் பக்கம் மேலே இருக்க 5 நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். அளவை ஸ்டிக்கர் நிறமே சொல்லும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம்.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில்தான் தொல்லை அதிகம். ஆரியங்காவுக் கணவாய் வழி வரும் ஈரக்காற்று அதே துளைகளில் புகுந்து பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். இரவில் கருவியை சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உலர்ந்துபோகும்.

தீர்ந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தொண்டைக்குக் கீழே சிக்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினால் பேட்டரி மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை உரித்துவிட்டால், மறுபடி ஒட்டினாலும் அது மெல்லத் தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.