துடித்த கையும் பூச்சி மாத்திரையும்

கேள்வி: ஏழு வயது மகன் இரவில் ஆசனவாயைச் சொறிகிறான், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். மூளையில் புழு என்று ஒரு காணொளி பார்த்துப் பயந்து, வீட்டில் எல்லோரும் மூன்று நாள் பூச்சி மாத்திரை போட்டோம். எனக்கு மலத்தில் கயிறுபோல் ஏதோ வந்தது. நாங்கள் இறைச்சி தொடுவதில்லை. போன மாதம் இரண்டு முறை என் வலது கை தானாகத் துடித்து, ஓரிரு நிமிடத்தில் அடங்கியது. இன்னொரு முறை மாத்திரை போடலாமா?

பதில்: போடாதீர்கள். மகனை முதலிலும் கையைக் கடைசியிலும் எழுதியிருக்கிறீர்கள். நான் கடைசியிலிருந்து வருகிறேன்.

நினைவு தப்பாமல் ஒரு கை மட்டும் துடித்து அடங்குவதும் வலிப்பாக இருக்கலாம். பெரியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வந்தால் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். காரணம் புழுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

இறைச்சி தொடாதது இதில் காப்பாகாது. 1855-இல் குச்சன்மைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர், மரண தண்டனைக் கைதி ஒருவனுக்குப் பன்றி இறைச்சியிலிருந்த புழுக்கட்டிகளை அவனுக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் அறுத்துப் பார்த்தபோது குடலில் இளம் நாடாப்புழுக்கள் இருந்தன. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. ஆனால் வேகாத இறைச்சியிலிருந்து வருவது குடல் புழு என்பது அப்படித்தான் உறுதியானது. மூளைக்குப் போவது வேறு வழி: நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டை கையிலோ தண்ணீரிலோ காய்கறியிலோ ஒட்டி வாய்க்குள் போகிறது. குஞ்சு குடலைத் துளைத்து, ரத்தத்தோடு போய், மூளையில் நீர்க்கட்டியாகத் தங்குகிறது.

அந்தக் கட்டி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். அது தானாகச் சாகும்போதும், மாத்திரை அதைக் கொல்லும்போதும் சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பு கூடலாம். அதனால்தான் நாங்கள் ஸ்கேன் பார்த்து, கண்ணுக்குள் கட்டி இல்லை என்று உறுதி செய்து, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்துத்தான் புழு மருந்து கொடுக்கிறோம். காணொளிக்காரர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள், தனியாக நீந்தாதீர்கள். துடிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ நினைவு தப்பினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மகனுக்கு நூல்புழுவாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடுவதால்தான் அரிப்பு. மலப் பரிசோதனையில் பல நேரம் தெரியாது. காலையில் கழுவும் முன் ஒட்டுநாடாவை ஆசனவாய் ஓரத்தில் ஒற்றி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். உறுதியானால் ஒரு வேளை மருந்தும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளையும் மருத்துவர் கொடுப்பார். வீட்டில் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். ஸ்கேன் முடியும்வரை உங்களைத் தவிர. பல் கடிப்பதற்குப் புழு சாட்சி அல்ல. உங்கள் கயிறு அநேகமாகக் குடல் சளி; சந்தேகம் தீராவிட்டால் படம் எடுத்துக் காட்டாமல் பொருளையே டப்பாவில் கொண்டு போங்கள்.

கை துடித்தது மாத்திரைக்கு முன்பா பின்பா என்று நீங்கள் எழுதவில்லை. தேதிகளைக் குறித்து, மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதுதான்.