புற்றுநோய் அறுவைக்குப் பின் தொற்று: யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

கேள்வி: என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. சர்க்கரை நோயும் பீடிப் பழக்கமும் உள்ளவருக்கு மருத்துவமனையில் தொற்று எளிதில் வரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்மைதான், அம்மா. கிருமிகள் நிறைந்த குடலைத் திறப்பதால், தைராய்டு போன்ற அறுவைகளைவிட இதில் காயத்தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். அறுவை பல மணி நேரம் நீண்டாலோ, கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருந்தாலோ, உடல் மெலிந்து புரதச்சத்து குன்றியிருந்தாலோ அது மேலும் கூடும். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் நம் கையில் இருப்பவை. மலைக்குளிருக்கு ஒரு பீடி என்று இரங்காமல் இன்றே நிறுத்தச் செய்யுங்கள். 4 வாரங்களாவது புகைக்காதிருந்தால் காயம் நன்றாக ஆறும், நிமோனியா அபாயமும் குறையும். சர்க்கரையை இப்போதிருந்தே மருத்துவர் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அறுவைப் பகுதி முடியை வீட்டில் சவரம் செய்ய வேண்டாம்.

அறுவையின்போது சிறுநீர் வடியப் பொருத்தும் குழாய் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் ஏறுவதால், "இன்று எடுத்துவிடலாமா?" என்று தினமும் தயங்காமல் கேளுங்கள். காயத்தொற்று வீடு திரும்பிய பின்னரும், 30 நாட்கள் வரை, தலைகாட்டலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, மழையில் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருந்தாலும் காத்திராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அன்றே காட்டுங்கள்.