திருகோணமலையில் பிறந்த என் அப்பப்பாவுக்கு முந்தியவர்களை எப்படித் தேடுவது?

அப்பப்பா திருகோணமலையில் பிறந்தவர், துறைமுகத்தில் வேலை செய்தவர், அவருடைய தகப்பனின் பெயர் மட்டும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது கனடாவில். எங்கே தொடங்குவது, இதேபோலத் தேடுகிறவர்களிடம் எப்படி உதவி கேட்பது என்பது உங்கள் கேள்வி.

நானும் ஏழு வருடமாக இதே தேடலில் இருக்கிறேன். எங்கள் வீடு திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம். தகப்பன் வழியில் ஐந்து தலைமுறை வரை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதில் முதல் இரண்டு வருடம் பிழையான ஆள் ஒருவரைத் தேடி அலைந்தேன். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பாதி வேலை குறையும் என்று நினைக்கிறேன்.

என் பூட்டனாருடைய, அதாவது அப்பப்பாவின் தகப்பனுடைய பெயர், கந்தையா, சின்னத்தம்பி, வேலுப்பிள்ளை போலத் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் பெரியகடைப் பக்கம் இன்னொருவர் இருந்திருக்கிறார். பதிவில் அவரைக் கண்டதும் கிடைத்துவிட்டார் என்று சந்தோசப்பட்டேன். அவருடைய தகப்பன், பாட்டன் வரை போய், பெரிய மரமாக வரைந்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அப்பாவின் மாமி ஒருவர், அப்பப்பாவின் கடைசித் தங்கை, அப்போது தொண்ணூறை நெருங்கியிருந்தார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆர்? எங்கட ஐயாவுக்கு மூண்டு அக்காமார். இதில ஒருத்தரையும் காணேல்லையே" என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கே பிழை விட்டேன் என்று விளங்கியது. வம்சம் தேடுவது பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை எல்லாம் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகச் சொல்கின்றன. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் பிள்ளைக்கு முன்னெழுத்தாக வருகிறது. பேரப்பிள்ளையில் அதுவும் போய்விடுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அறுந்துபோகிற கயிறு அது. ஆகவே ஓர் ஆளைத் தனியாகத் தேடாதீர்கள். அவரைச் சுற்றி இருந்தவர்களோடு சேர்த்துத் தேடுங்கள்: சகோதரிகள், கலியாணத்துக்குச் சாட்சி வைத்தவர்கள், பக்கத்துக் காணிக்காரர், கிறிஸ்தவர்கள் என்றால் ஞானப்பெற்றோர். ஒரு பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். ஒரு தம்பியும் மூன்று அக்காமாரும் அதே பெயர்களோடு, அதே தெருவில், இரண்டு வீட்டில் இருப்பது அரிது.

முதலில் உயிரோடு இருக்கிற மூத்தவர்களிடம் போங்கள். கடதாசி காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். "எந்த வருசம்?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு நடந்ததை வைத்துக் கேளுங்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். சித்திரை வருசப் பிறப்புக்கு நாலைந்து நாள் முந்தி. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தார்கள்; துறைமுகத்தை நம்பியிருந்த வீடுகளில் அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1964 டிசம்பர் 22 இரவு பெரிய புயல். "அவர் செத்தது புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

மாமியிடம் நான் கேட்டது, "குண்டு போட்டபோது எங்கே ஓடினீர்கள்?" என்று. "தம்பலகாமத்தில பெரியமாமி வீட்டை. வண்டில் கட்டிக்கொண்டு போனது" என்றார். அந்த ஒரு வரியில் எனக்கு ஒரு பெண்ணும் ஓர் ஊரும் கிடைத்தன: பூட்டனாரின் மூத்த அக்கா தம்பலகாமத்துக்குக் கலியாணம் முடித்துப் போனவர். இந்தப் பெயரை எந்தப் பதிவிலும் தேட எனக்குத் தோன்றியிருக்காது.

சரி, இனிக் கடதாசிகள். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1860களின் கடைசியிலிருந்து இருக்கிறது. பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒரு விசயம் உண்டு. 1951ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பிந்திய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கிற கட்டம் ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கிய சட்டம் அது. அதன் தடம் அதற்குப் பிறகு பிறந்த எங்களுடைய பிறப்புப் பத்திரங்களிலும் கிடக்கிறது. வேதனையான வரலாறு, ஆனால் தேடுகிறவருக்கு அந்தக் கட்டம் ஒரு கதவு.

ஆகவே உங்கள் அப்பாவின் பத்திரத்தோடு நிற்காதீர்கள். அப்பாவின் சகோதரர்களில் கடைசியாகப் பிறந்தவருடையதை எடுங்கள். என் அப்பா நாற்பதுகளில் பிறந்தவர், அவருடையதில் அந்தக் கட்டம் இல்லை. சித்தப்பா ஐம்பதுகளின் கடைசியில் பிறந்தவர். அவருடைய பத்திரத்தில் என் பூட்டனாரின் முழுப்பெயரும் பிறந்த வருடமும் இடமும் இருந்தன. வருடம் 1901 என்று இருந்தது. அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது, ஏனென்றால் பதிந்தவர் ஞாபகத்திலிருந்து சொல்லியிருக்கிறார். இடம் மட்டும் சரி.

வருடத்தைத் திருத்தித் தந்தது சாதகம். மாமியின் பெட்டியில் பூட்டனாரின் சாதக ஓலை இருந்தது: விகாரி வருடம், ஆவணி மாதம். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் விகாரி என்றால் 1839, 1899, 1959 மூன்றும் ஆகலாம். அப்பப்பா 1922இல் பிறந்தவர், ஆகவே 1899தான் பொருந்தும். வீட்டில் பழைய சாதகம் இருந்தால் தயவுசெய்து எறிய விடாதீர்கள்.

1899 ஆவணியை வைத்துக்கொண்டு போயும் பிறப்புப் பதிவு இல்லை என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கந்தையா என்ற பெயரை ஒருவர் 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'சி' போட்டு எழுதுவார். பெயர்ப் பட்டியலில் இரண்டும் வெவ்வேறு பக்கத்துக்குப் போய்விடும். அன்று கிடைத்தது. வீட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். ஊரெல்லாம் சின்னராசா என்று தெரிந்தவர் பதிவில் தில்லையம்பலமாக இருப்பார். கலியாணப் பதிவு கிடைத்தால் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தகப்பன்மார் பெயரும் அதில் இருக்கும். ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே போகலாம்.

காணி உறுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் குடும்பங்களில் வம்சாவளி மறைந்து கிடப்பது அதில்தான். "என் தகப்பனாரிடமிருந்து முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) வந்ததும்" என்று உறுதி தொடங்கும்போதே ஒரு தலைமுறை கிடைத்துவிடுகிறது. உறுதியில் காணியை விவரிக்கிற அட்டவணையில் நாலு எல்லையும் பாருங்கள். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே இன்னாருடைய மகளுடைய காணி என்று வரும். ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லைக்காரர் பெரும்பாலும் சகோதரர்கள்தான். பழைய உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறிலும் எத்தனையோ குடும்பங்கள் வீடு வளவை விட்டு ஓடின, திரும்பி வந்தும் சிலருக்குக் காணி கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் உறுதியைப் பற்றிக் கேட்டால் பங்கு கேட்கிறார் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "காணி கேட்கவில்லை, பெயர்கள் மட்டும்தான் வேணும்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கோயில் பக்கமும் பாருங்கள். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதன் செலவை ஏற்கிற உபயகாரர் உண்டு, அந்த உபயம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். பழைய விஞ்ஞாபனம் (திருவிழா அறிவித்தல்) ஒன்று கிடைத்தால் எந்தக் குடும்பம் எந்த நாளுக்குரியது என்று தெரியும். தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலில் பரம்பரையாகத் தொழும்பு (கோயில் பணி) செய்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பழங்கதையில் வருகிற குளக்கோட்டன் என்ற அரசன் கோயில் பணிக்குக் கொண்டுவந்து குடியேற்றிய தானத்தார், வரிப்பத்தார் வழி நாங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதை மதித்துக் கேட்டு எழுதி வையுங்கள், ஆனால் மரத்தில் அப்படியே இணைத்துவிடாதீர்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கோட்டை கட்டினார்கள். அதற்கு முந்திய காலத்துக்கும் உங்கள் பூட்டனாருக்கும் இடையில் தாள் ஆதாரம் கிடைப்பது மிகக் கடினம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, அது அரசாங்கப் பதிவுக்கும் முந்திப் போகலாம். சைவர்களுக்குக் கல்லறையில் பெயர் தேடுவது பெரும்பாலும் வீண்.

எங்களுக்குக் கல்லறைக்குப் பதில் கல்வெட்டு இருக்கிறது. அந்தியேட்டிக்கு, அதாவது செத்தவருக்காகச் செய்கிற முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, அச்சிட்டுக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். அதில் வம்சாவளி போடுவது வழக்கம். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, இலவசமாகப் படிக்கலாம். பத்திரிகை மரண அறிவித்தலும் அப்படித்தான்: "காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் மருமகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும்" என்ற ஒரே வசனத்தில் மூன்று குடும்பம் வரும்.

இனி உதவி கேட்பது. முதலில் நான் எழுதியது இதுதான்: "என் பூட்டனார் பெயர் இது, ஊர் திருகோணமலை, யாருக்காவது தெரியுமா?" எட்டு மாதம் ஒருவரும் பதில் எழுதவில்லை. எழுத முடியாது, அந்தக் கேள்வியில் பிடிக்க ஒன்றும் இல்லை. மாமி சொன்னதற்குப் பிறகு மாற்றி எழுதினேன்: 1890களில் திருக்கடலூரில் பிறந்த பெண், மூன்று சகோதரிகளில் மூத்தவர், தம்பலகாமத்துக்குக் கலியாணம் முடித்துப் போனவர், கடைசித் தம்பி துறைமுகத்தில் வேலை, 1942இல் தம்பி குடும்பம் அவர் வீட்டில் தங்கியிருந்தது, இவருடைய வழியில் வந்தவர்கள் இருக்கிறீர்களா? எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது, மாமி சொன்னது எது, என் ஊகம் எது என்று பிரித்து எழுதினேன். பூட்டனாரின் பிறப்புப் பதிவுப் பிரதியையும் இணைத்தேன்.

மூன்று வாரத்தில் நோர்வேயிலிருந்து ஒரு பெண் எழுதினார். அவருடைய அம்மம்மாவின் கல்வெட்டு அவரிடம் இருந்தது. அதில் அம்மம்மாவின் தாய் வீட்டுப் பக்கமும் அச்சாகியிருந்தது: மூன்று சகோதரிகள், ஒரு தம்பி, அந்தத் தம்பி என் பூட்டனார். மேலே அவர்களுடைய தாய் தகப்பன் பெயர், அதற்கு மேல் தகப்பனின் தகப்பன் பெயரும். நான் ஏழு வருடம் தேடியும் என் பக்கத்தில் இருந்திருக்காத தாள் அது, ஏனென்றால் அது அக்கா வழியில் போய்விட்டது. உங்களுடைய மிச்சப் பாதியும் இப்படி வேறொருவருடைய அலுமாரியில்தான் இருக்கும். கல்வெட்டிலும் அச்சுப்பிழை வரும் என்பதால் பூட்டனாரின் கலியாணப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், தகப்பன் பெயர் பொருந்தியது. முறை பார்த்தால் அந்தப் பெண் எனக்கு மச்சாள். அவருடைய அம்மம்மாவின் பிறப்புப் பதிவை நான் எடுத்து அனுப்பினேன்.

நீங்களும் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு கேளுங்கள். ஊரில் இருப்பவர் உங்களுக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போனால் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் நீங்களாகவே கொடுங்கள். பழைய அல்பம், விமானக் கடிதம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எதையும் பொதுவில் போடாதீர்கள். பழைய அட்டை எண்ணிலேயே பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன.

மரபணுச் சோதனை பற்றிப் பலர் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில், தூரத்துச் சொந்தமும் கிட்டிய சொந்தம் போலக் காட்டும். தாள் இல்லாமல் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

திருத்திய மரத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது அக்காவின் பெயர் வந்ததும் நிறுத்தி, "அவவை நாங்கள் குஞ்சுமாமி எண்டுதான் கூப்பிடுறது, அதையும் எழுது" என்றார். எழுதினேன். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

உங்கள் அப்பப்பாவுக்கு எத்தனை சகோதரிகள், யார் எந்த ஊருக்குக் கலியாணம் முடித்துப் போனார்கள், குண்டு போட்டபோது குடும்பம் எங்கே போய் இருந்தது என்று வீட்டில் கேட்டு இங்கே எழுதுங்கள். தம்பலகாமம், நிலாவெளி, சாம்பல்தீவு, மூதூர்ப் பக்கம் என்றால் என்னிடம் இருக்கிற பிரதிகளில் பார்த்துச் சொல்கிறேன்.