கையில் சாமி, மேலே முழுக்கைச் சட்டையா?

அலுவலக உடை விதிகளைப் பற்றிப் போன முறை எழுதினாலும் எழுதினேன், டாட்டூ கேள்விகளாக வந்து குவிந்துவிட்டன. அதிலும் முக்கால்வாசி சாமி படம், மந்திரம், சிலுவை, வசனம் என்று மதம் சார்ந்தவை. பதிலுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளில் டாட்டூவுக்கென்று சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பாதுகாப்பு இருப்பது மத நம்பிக்கைக்கு. ஆகவே படம் பெரியதா சின்னதா என்பதைவிட, அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கையை நீங்கள் எப்போது சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்பதில்தான் பல வழக்குகள் நின்றிருக்கின்றன, விழுந்தும் இருக்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்டலில் பரிமாறும் வேலை. தீட்சை பெற்ற அன்று இரண்டு மணிக்கட்டிலும் மந்திர வரி குத்திக்கொண்டேன். ஒரு வருடமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. புது மேனேஜர் வந்ததும், "மறைத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே" என்கிறார். மறைப்பது எனக்குப் பாவம் சார். என்ன செய்வது?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அமெரிக்காவின் ரெட் ராபின் வழக்குதான் ஞாபகம் வந்தது. அது பர்கர் உணவகச் சங்கிலி. அங்கே பரிமாறுபவராக இருந்த ஒருவர், பழைய எகிப்திய சமயத்தைப் பின்பற்றியவர். இரண்டு மணிக்கட்டையும் சுற்றி வசனம் குத்தியிருந்தார். அகலம் கால் அங்குலம்கூட இல்லை. வேண்டுமென்றே அதை மறைப்பது பாவம் என்பது அவருடைய நம்பிக்கை. மாதக்கணக்கில் வேலை பார்த்தார், வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம் ஒரு மேலாளர் கண்ணில் பட்டது. மறைக்க மாட்டேன் என்றார், வேலை போனது.

வேலையிடப் பாகுபாட்டைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அவருக்காக வழக்குப் போட்டது. "எங்களுடையது குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கான உணவகம், அந்தப் பெயர் கெட்டுவிடும்" என்பது நிறுவனத்தின் வாதம். கெட்டதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது; விசாரணை இல்லாமலே வழக்கை முடித்துவிட வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. 2005இல் நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. கவனியுங்கள், இது சமரசம்தான், இறுதித் தீர்ப்பு இல்லை.

இதை மட்டும் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். அதற்கு முந்தைய வருடம்தான், புருவத்தில் வளையம் போட்டிருந்த காஸ்ட்கோ என்ற கடைச் சங்கிலியின் ஊழியர் ஒருவர் வழக்கில் தோற்றார். உடலை மாற்றியமைப்பதையே வழிபாடாகக் கொண்ட ஒரு சபையைச் சேர்ந்தவர் அவர். விலக்குக் கொடுத்தால் நிறுவனத்தின் தோற்றம் பாதிக்கப்படும், அது மிகையான சிரமம் (அப்படி இருந்தால் முதலாளி விலக்கை மறுக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம்) என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அன்றைக்கு இருந்த அளவுகோல் வேறு: அற்பத்துக்குக் கொஞ்சம் மேலே செலவு வந்தாலே போதும், முதலாளி கைகழுவிவிடலாம். 2023இல் குரோஃப் என்ற அஞ்சல் ஊழியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை இறுக்கினார்கள். இப்போது அந்தத் தொழிலைப் பொறுத்தவரை கணிசமான கூடுதல் சுமை என்று முதலாளி காட்டியாக வேண்டும். மதத்தின் மேல் சக ஊழியர்களுக்கு இருக்கும் வெறுப்பைச் சிரமக் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

சரி, உங்கள் விஷயம். வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுங்கள். எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல், ஐந்தாறு வரி போதும்: "என் இரு மணிக்கட்டிலும் உள்ள வரி தீட்சையின்போது பெற்றது. அதை வேண்டுமென்றே மறைப்பது என் சமய நம்பிக்கைக்கு விரோதம். இந்த ஒரு விதியிலிருந்து எனக்கு விலக்குக் கேட்கிறேன். வேறு வழி இருந்தால் பேசத் தயார்." அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீதிமன்றத்தில் இரண்டு தரப்பில் யார் பேசத் தயாராக இருந்தார், யார் கதவைச் சாத்தினார் என்று தேடுவார்கள். மேனேஜர் சொன்ன வார்த்தைகளையும் தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருந்தால் ஆணையத்தில் புகார் கொடுக்கப் பொதுவாக 180 நாள்தான்; மாநில அமைப்பும் இருக்கும் இடங்களில் 300. நிறுவனத்தில் 15 பேராவது வேலை பார்த்தால்தான் வேலையிடத்தில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா இறந்த பிறகு அவர் கும்பிட்ட அம்மன் முகத்தை முன்கையில் குத்திக்கொண்டேன். மறைக்கச் சொல்கிறார்கள். இது மதப் பாகுபாடுதானே மேடம்?

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நினைவுக்காகக் குத்தியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது பாசம்; மதக் கடமை என்று நிற்பது கஷ்டம். மதம் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்பதில்லை, உண்மையாக நம்பினால் போதும். ஆனால் எதை நம்புகிறீர்கள்? அந்த முகத்தை மூடுவது தவறு என்றா, மூடினால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றா? இரண்டும் வேறு.

வேலைக்காக நம்பிக்கையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லிவிடலாமா என்று அடுத்த வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நண்பர் வீட்டு விசேஷத்தில் முழுக்கைச் சட்டை போட்டுச் சிரிக்கும் ஒரு புகைப்படம் போதும், எல்லாம் சரிந்துவிடும். உங்களுக்கு நல்ல வழி வேறு இருக்கிறது. அதே அலுவலகத்தில் மற்றவர்களின் பூவும் கால்பந்து அணிச் சின்னமும் தெரியலாம், அம்மன் மட்டும் தெரியக்கூடாது என்றால் அது பாகுபாட்டுப் பேச்சு. அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: செவிலியராக இருக்கிறேன். மணிக்கட்டின் உட்புறம் சிறிய சிலுவை. தொற்று அபாயம் என்று காரணம் சொல்லி முழுக்கை போடச் சொல்கிறார் மேற்பார்வையாளர்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். தொற்றுதான் கவலை என்றால் முழுக்கைதான் ஆபத்து. கட்டுப் போடும்போது நோயாளியின் புண்ணில் உரசுவது சட்டையின் முனை. அதனால்தான் பிரிட்டன் மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆறிய டாட்டூ தோலுக்குள் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினால் மற்றத் தோலைப் போலத்தான். புதிதாகக் குத்தியது வேறு கதை. மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதுவரை அது திறந்த புண்.

யாராவது உங்களிடம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பைக் காட்டலாம். அதில் சிலுவைச் சங்கிலி அணிந்த ஒரு செவிலியர் தோற்றார், உண்மை. நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், புண்ணில் படலாம் என்பது மருத்துவமனையின் காரணம். மணிக்கட்டில் இருக்கும் சிலுவையை யாரும் பிடித்து இழுக்க முடியாது. அதே தீர்ப்பில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் ஒருவர் சின்னச் சிலுவை அணியும் உரிமைக்காக வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மணிக்கட்டின் உட்புறச் சிலுவை எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வரும் அடையாளம். நீங்கள் அந்தச் சபையா என்று எழுதவில்லை. ஆம் என்றால் உங்கள் கடிதத்தில் அதுதான் முதல் வரி.

கேள்வி: தோளிலிருந்து முழங்கை வரை ஸ்வஸ்திகா கோலம். வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். இதில் உங்களைத் தைரியமாகப் போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்முடையது ஆயிரக்கணக்கான வருடப் பழையது, நாஜிக் கட்சி அதை எடுத்துக்கொண்டது 1920இல்தான், அவர்களுடையது பெரும்பாலும் 45 பாகை சாய்ந்து வெள்ளை வட்டத்துக்குள் நிற்கும், நம்முடையதில் பல சமயம் நான்கு கட்டத்திலும் புள்ளி இருக்கும் – இதெல்லாம் சரிதான். ஆனால் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் புள்ளியை எண்ணிப் பார்க்க மாட்டார். அவருடைய தாத்தா பாட்டி முகாமில் செத்திருக்கலாம். அவருடைய திடுக்கிடல் மதவெறுப்பு இல்லை. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது. மதச் சின்னம் வேறு என்று வாதாட முடியும், ஆனால் அந்த வாதத்தை அலுவலக வாசலில் ஒவ்வொரு நாளும் செய்வீர்களா?

என் யோசனை இது. கிளம்பும் முன்பே அங்குள்ள எச்.ஆருக்கு எழுதிவிடுங்கள், படத்தோடு, இது இந்து, பௌத்த, சமண மரபின் மங்கலச் சின்னம் என்று இரண்டு வரி. அப்புறம் முதல் சில மாதம் முழங்கை வரை வரும் சட்டை போடுங்கள், நீங்களாகவே. மறைக்கக் கூடாது என்பது உங்கள் நம்பிக்கையானால் அதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கடிதம் முன்னால் போயிருந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்பார். போகாவிட்டால் நேராகப் புகார் கொடுப்பார்.

கேள்வி: ஐரோப்பாவில் வரவேற்பாளர். "மதம், அரசியல் எதுவும் வெளியே தெரியக் கூடாது" என்று எல்லோருக்கும் பொதுவிதி. டாட்டூவைக் கழற்றியா வைக்க முடியும்?

கழற்ற முடியாது, மூடத்தான் சொல்கிறார்கள். அங்கே சட்டம் முதலாளி பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பெல்ஜியத்தில் முக்காடு அணிந்த ஒரு வரவேற்பாளர் வழக்கில், எல்லா நம்பிக்கைக்கும் ஒரே மாதிரி போடப்பட்ட நடுநிலை விதி நேரடிப் பாகுபாடு இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2021இல் நிபந்தனை வைத்தது: அப்படி ஒரு விதி நிஜமாகவே தேவை என்று முதலாளி காட்ட வேண்டும், பெரிய, கண்ணைப் பறிக்கும் சின்னங்களுக்கு மட்டும் தடை என்றால் அது நேரடிப் பாகுபாடாகலாம். பக்கத்து மேசைக்காரரின் குட்டிச் சிலுவைக் கம்மலை விட்டுவிட்டு உங்கள் கையை மட்டும் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

கேள்வி: நான் முதலாளி. கடையில் முன்னால் நிற்கும் பெண்ணின் கையில் கடவுள் படம். இரண்டு வாடிக்கையாளர் முகம் சுளித்தார்கள். மறைக்கச் சொன்னால் தப்பா?

கேட்டதற்கு நன்றி. கேட்காமலே செய்கிறவர்கள்தான் அதிகம். முகச்சுளிப்பு ஆதாரம் ஆகாது. அவர் வந்த பிறகு வியாபாரம் குறைந்ததா, யாராவது எழுதிப் புகார் கொடுத்தார்களா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விதி வேண்டுமென்றே நினைத்தால், "பணி நேரத்தில் டாட்டூ எதுவும் தெரியக் கூடாது; மத நம்பிக்கை காரணமாக இயலாதவர்கள் எழுதிக் கேட்கலாம்" என்று எல்லோருக்கும் எழுதுங்கள். பிறகு உங்கள் மருமகன் கழுத்தில் இருக்கும் தேளுக்கும் அதே விதிதான். (ஊகம்தான். ஆனால் யாராவது ஒரு மருமகன் இருப்பார்.)

கேள்வி: நேர்முகத் தேர்வில் முன்கூட்டியே சொல்லிவிடவா?

கேட்டால் ஒழிய வேண்டாம். 2015இல் ஏபர்க்ராம்பி என்ற துணிக்கடைச் சங்கிலியின் வழக்கில், விண்ணப்பித்த பெண் தன் முக்காடு மதத்துக்காக என்று வாய்திறந்து சொல்லவேயில்லை. ஆனாலும் விலக்குக் கொடுக்க வேண்டி வருமோ என்ற எண்ணத்தில் ஒதுக்கினால் அது தவறுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த பிறகு கதை மாறும், அப்போது சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்குப் படிக்கிறேன். வலது முன்கையில் ஓம் இருக்கிறது. தகுதியிழப்பா?

சிக்கல்தான். இந்தியாவின் அந்தப் படைகளின் ஆள்சேர்ப்பு விதி மதச் சின்னத்தையும் பெயரையும் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஆனால் இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான். அந்த உறுப்புப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். காரணம் எளிது: வலது கை சல்யூட் அடிக்கிற கை. உங்கள் ஓம் மேல் யாருக்கும் கோபம் இல்லை, அது இருக்கும் இடம்தான் சரியில்லை.

லேசரில் எடுக்க நினைத்தால் இன்றே தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒரே நாளில் போகாது. பல அமர்வு, ஒவ்வொன்றுக்கும் இடையே பொதுவாக ஆறு வாரமாவது விட வேண்டும். கறுப்பு மை சுலபம், பச்சையும் நீலமும் மல்லுக்கட்டும். கருத்த தோலில் வெளுத்த தடம் விழ வாய்ப்பு உண்டு, அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உடல்தகுதித் தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, நாள் போதுமா என்று முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: இன்னும் குத்தவில்லை. எங்கே குத்தினால் வம்பில்லை?

வேலைக்குப் போடும் அரைக்கைச் சட்டையிலேயே கடைக்குப் போங்கள். கையை மேலே தூக்கி, பலகையில் எழுதுவது போல நில்லுங்கள். சட்டை ஏறும் கோட்டில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு மேலே குத்தச் சொல்லுங்கள்.